கழுத்தின் இறுக்கமும் நம் மௌனமும்

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்று மீண்டவர்கள், மறுபரிசோதனை நாளில் ஏறத்தாழ இதே பொருளில்தான் பேசுகிறார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற வினாவுக்கு, "கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்று விடை வருகிறது. அவ்விடையைச் சொல்பவர் முகத்தை மட்டும் திருப்பிச் சொல்வதில்லை. தோளையும் மார்பையும் சேர்த்தே திருப்புகிறார். கழுத்து திரும்பவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆயினும் அதைப் பற்றிய பேச்சு எழாமலே பல சந்திப்புகள் முடிந்துவிடுகின்றன.

இந்த மௌனம் கலைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கழுத்து இறுக்கம் என்பது உயிர் பிழைத்ததற்காக வாய்மூடிச் செலுத்த வேண்டிய கப்பம் அன்று. அது சிகிச்சையின் பின்விளைவாக வரும் ஒரு நிலை. அதைக் கட்டுக்குள் வைக்க வழிகள் உண்டு. அவ்வழிகளில் பெரும்பகுதி விலையுயர்ந்த மருந்தையோ பெரிய இயந்திரத்தையோ சார்ந்தது அன்று. நாள்தோறும் சில நிமிடங்கள் செய்யும் பயிற்சியைச் சார்ந்தது. பிசியோதெரபி என்று நாம் வழங்கும் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில், அந்தப் பயிற்சியைச் சிகிச்சைக்குப் பின்வரும் உபசாரமாகக் கருதாமல் சிகிச்சையின் கடைசிப் பகுதியாகவே கருத வேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன்.

இறுக்கம் ஏன் வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். காரணம் விளங்கினால் அச்சத்தில் பாதி குறையும். வாய்ப் பகுதியில் தோன்றும் புற்றுநோய், கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் இயல்புடையது. ஆகவே பலருக்கு நோய்க்கட்டியோடு அக்கணுக்களையும் அறுவை மருத்துவர் நீக்குகிறார். கணுக்கள் தசை, நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றின் நடுவே கொழுப்பில் பொதிந்து கிடப்பவை. அவற்றை எடுப்பதற்காகப் பிரிக்கப்பட்ட அடுக்குகள் ஆறும்போது, தோலுக்கு அடியிலும் தழும்பு உண்டாகிறது. வெளியே நாம் காணும் கோடு அத்தழும்பின் விளிம்பு மட்டுமே. உள்ளே அது பரந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டிய அடுக்குகளை ஒட்டவைத்துவிடுகிறது.

தோளை உயர்த்தும் டிரப்பீசியஸ் என்னும் தசைக்குச் செல்லும் நரம்பும் இந்தக் கணுக்களை ஒட்டியே ஓடுகிறது. அதை மருத்துவர் கவனமாகக் காப்பாற்றியிருந்தாலும், அறுவையின்போது இழுபட்ட நரம்பு சில மாதங்கள் சோர்ந்து கிடக்கக்கூடும். அதுவரை தோள் தாழ்ந்து தொங்குகிறது. கை தலைக்கு மேல் எழ மறுக்கிறது. அந்தத் தசை செய்ய வேண்டிய வேலையைக் கழுத்தின் மற்றத் தசைகள் ஏற்றுக்கொண்டு, அளவுக்கு மீறி உழைத்து வலிக்கின்றன. கழுத்து வலி என்று வருபவர் பலருக்குத் தோளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கதிர்வீச்சின் கதை சற்று வேறானது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாக வாரத்தில் 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள், மொத்தம் 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு தரப்படுகிறது. அக்காலத்தில் வரும் வாய்ப்புண், தோல் கருகுதல், விழுங்கும் வேதனை ஆகியவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. "கண்டம் கழிந்தது" என்று வீட்டார் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில்தான், உள்ளே வேறொரு வேலை ஓசையின்றித் தொடங்குகிறது. காயத்தை ஆற்றுவதற்காகக் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை உண்டாக்கும் செல்கள், வேலை முடிந்த பின்னும் ஓய்வதில்லை. சிறு இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. மெத்தென்றிருந்த தசைகளின் இடையே நார் படிகிறது. நனைந்த தோல் காயக் காய விறைப்பதுபோலக் கழுத்து மெல்ல விறைக்கிறது. இது மாதக் கணக்கில் நடக்கும். சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் நீளும்.

இந்தக் கால இடைவெளியை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு கழுத்து இறுகத் தொடங்கும்போது, "நோய் திரும்பிவிட்டதோ" என்ற ஐயமே முதலில் எழுகிறது. அந்த ஐயத்தை வெளியே சொல்லவும் அஞ்சி, கழுத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு நாள்களை ஓட்டுபவர் உண்டு. பெரும்பாலோருக்கு அது நோய் அன்று. ஆறும் வேலை அளவு கடந்து நடப்பதன் விளைவு. எனினும் எது எது என்பதை வீட்டில் இருந்தபடி தீர்மானிக்க முடியாது. மருத்துவரிடம் காட்டித்தான் தெளிய வேண்டும். சொல்லாமல் மறைப்பவர் இரண்டு வகையிலும் இழக்கிறார்: இறுக்கமானால் அதைத் தளர்த்தும் காலத்தை இழக்கிறார், நோயானால் அதைத் தொடக்கத்தில் பிடிக்கும் காலத்தை இழக்கிறார்.

கழுத்து திரும்பாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவரும் உண்டு. இரு சக்கர வாகனத்தில் செல்பவருக்குப் பின்னால் வரும் பேருந்து தெரியாது. சாலையைக் கடப்பவர் இருபுறமும் பார்க்க நினைத்தாலும் ஒருபுறம் மட்டுமே பார்வைக்கு அகப்படுகிறது. கொத்தனார் மேல்தளத்தை அண்ணாந்து பூச முடியாது. தறியில் அமர்பவருக்கும் தையல் இயந்திரத்தில் அமர்பவருக்கும் குனிந்த தலையை நிமிர்த்துவதே வேதனையாகிறது. கொடியில் துணி உலர்த்தவும், பரணிலிருந்து பாத்திரம் எடுக்கவும், தலைவாரிப் பின்னிக்கொள்ளவும் பிறர் உதவியை நாட வேண்டியிருக்கிறது. தொழுகையின் முடிவில் வலமும் இடமும் முகம் திருப்பி சலாம் சொல்பவர், இடுப்போடு சேர்ந்து திரும்புகிறார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பியவர், இப்போது அதன் அடிவாசலை மட்டுமே பார்த்துத் தொழுகிறார். இவை எவையும் பரிசோதனை அறிக்கையில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு மனிதரின் வருமானமும் தன்மானமும் வழிபாடும் இவற்றில்தான் அடங்கியிருக்கின்றன.

நீர் அருந்துவதையே எடுத்துக்கொள்வோம். உதடு படாமல் செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். கதிர்வீச்சு பெற்றவருக்குக் கழுத்து பின்னால் சாய்வதில்லை. விழுங்கும் தசைகளும் முன்போல் விரைந்து இயங்குவதில்லை. வழக்கத்தை விடாமல் அண்ணாந்து குடித்தால் புரையேறும். நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கவும் கூடும். ஆகவே உதட்டில் வைத்துச் சிறு மிடறுகளாகக் குடிப்பதே நல்லது. அதற்கெனத் தனி டம்ளர் ஒன்றை வைத்துக்கொள்வது வசதிக்காக மட்டுமே. புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தனி டம்ளரை ஒதுக்கி வைப்பதன் அடையாளமாக ஆக்கிவிடக் கூடாது என்பதை வீட்டார் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு இழப்பையும் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள்? நன்றியுணர்வு முதல் காரணம். "உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம் போய்க் கழுத்து திரும்பவில்லை என்று குறை சொல்வதா?" என்று நல்லவர்கள் தயங்குகிறார்கள். அத்தயக்கம் பண்பின் அடையாளம்தான். ஆனால் அது தேவையற்றது. இறுக்கத்தைச் சொல்வது மருத்துவரின் வேலையில் குற்றம் காண்பது ஆகாது. அந்த வேலையின் மிச்சத்தை முடித்துக் கொடுப்பதே ஆகும்.

இன்னொரு காரணம், புற்றுநோய் என்றாலே பிழைப்பதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியோடு நம் சிந்தனை நின்றுபோவது. 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, இந்நோய் வந்தால் மீட்சியில்லை என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அக்காலத்தில் அந்த ஒற்றைக் கேள்வி இயல்பானது. இன்றோ சிகிச்சை முடித்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் நம் தெருக்களிலும் உறவுகளிலும் இருக்கிறார்கள். எப்படி வாழ்வது என்ற அடுத்த கேள்வியைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அந்த அடுத்த கேள்வியை மருத்துவ உலகமே முன்பு எழுப்பியிருக்கிறது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், கழுத்தின் நிணநீர்க் கணுக்களை முழுமையாக நீக்கும் முறையை விளக்கி எழுதினார். பின்னர் பல்லாண்டுகள் நிலைபெற்ற அந்த முழு அறுவையில், கணுக்களோடு கழுத்தின் பெரிய தசை ஒன்றும், பெரிய சிரை ஒன்றும், தோளுக்குச் செல்லும் நரம்பும் சேர்த்தே எடுக்கப்பட்டன. உயிர் காக்க அது உதவியது; ஆனால் பலருக்குத் தோள் விழுந்தது. 1960-களில் அர்ஜெண்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரஸ், இத்தாலியின் எட்டோரே போக்கா போன்றோர், தக்க நோயாளிகளுக்குத் தசையையும் நரம்பையும் காத்துக்கொண்டே கணுக்களை நீக்க முடியும் என்று காட்டினார்கள். கதிர்வீச்சுத் துறையிலும் அவ்வாறே. ஐ.எம்.ஆர்.டி. என்னும் முறை, கட்டியின் வடிவுக்கு ஏற்பக் கதிரை வளைத்து, உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற நல்ல உறுப்புகளுக்குச் செல்லும் அளவைக் குறைக்கிறது. உயிரைக் காப்பது மட்டும் போதும் என்று மருத்துவர்கள் கருதியிருந்தால் இந்த மாற்றங்களுக்குத் தேவையே இருந்திராது. நரம்பைக் காப்பதற்கு அறுவை அரங்கில் அவ்வளவு நேரம் செலவிடும் நாம், காத்த நரம்பையும் தசையையும் வீட்டில் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது எவ்வளவு பொருத்தமற்றது!

பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா என்ற வினா நியாயமானது. 2008-ஆம் ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 52 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். படிப்படியாக எடையைக் கூட்டிச் செய்யும் தோள் பயிற்சியை 12 வாரங்கள் செய்த பிரிவினருக்கு, வழக்கமான பயிற்சி பெற்றவர்களைவிடத் தோள் வலியும் இயலாமையும் அதிகமாகக் குறைந்தன. இத்தகைய பயிற்சியைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மேற்பார்வையில் கற்றுச் செய்ய வேண்டும். ஆனால் ஆறிய தோளை அசைக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் சரியன்று என்பதை இது காட்டுகிறது.

அதே நேரத்தில் மிகைப்படுத்திச் சொல்வதும் தவறு. படிந்துவிட்ட நார் முழுவதையும் பயிற்சி கரைத்துவிடாது. பழைய கழுத்து அப்படியே திரும்பி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. உள்ள அசைவைக் காப்பது, இழந்ததில் ஒரு பகுதியை மீட்பது, மேலும் இறுகும் வேகத்தைத் தணிப்பது ஆகியவையே பயிற்சியின் வேலை. ஒருவருக்கு அது வண்டி ஓட்டும் அளவுக்கு உதவலாம். மற்றொருவருக்கு வலியின்றித் தூங்கும் அளவுக்கு உதவலாம். சிறிதாகத் தோன்றும் அந்த வேறுபாடே ஒரு குடும்பத்தின் அன்றாடத்தை மாற்றக்கூடியது. முன்கூட்டியே தொடங்குவது மிக நல்லது. ஆண்டுகள் கடந்து தொடங்குபவருக்கும் பயன் அறவே இல்லை என்பதில்லை.

பயிற்சியின் முறை எளியது. அறுவைக் காயம் ஆறிவிட்டது என்று மருத்துவர் ஒப்புதல் தந்த பின், முதுகு நிமிர்ந்து நாற்காலியில் அமருங்கள். தோள்களைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முகத்தை மெல்ல ஒரு பக்கம் திருப்பி, இழுப்பது போன்ற உணர்வு தோன்றும் இடத்தில் நிறுத்தி, மூச்சை அடக்காமல் பத்து எண்ணும்வரை இருங்கள். பிறகு நடுவுக்கு வந்து மறுபக்கம் திருப்புங்கள். அவ்வாறே காதைத் தோளை நோக்கிச் சாய்ப்பது, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்துவது, மெல்ல நிமிர்ந்து மேலே பார்ப்பது. அடுத்து, இரு தோள்பட்டை எலும்புகளையும் முதுகின் நடுவை நோக்கிச் சேர்ப்பது; சுவரை ஒட்டி நின்று விரல்களால் படியேறுவதுபோலக் கையை உயர்த்துவது. ஒவ்வொன்றும் சில முறை. நாளில் மூன்று வேளை. உங்கள் சிகிச்சையாளர் வேறு அளவு எழுதிக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இழுப்பு இருக்கலாம், கூர்மையான வலி இருக்கக் கூடாது. தலையைச் சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எட்டிப் பிடிப்பதற்காக வெடுக்கென்று தள்ளுவதும், தலையை வட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம்.

வாயையும் மறக்கக் கூடாது. கழுத்து இறுகும் பலருக்குத் தாடையும் இறுகுகிறது. உங்கள் மூன்று விரல்களை அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வாய் திறக்கும் அளவு 35 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் அதைத் தாடை இறுக்கமாகக் கொள்வது மருத்துவ வழக்கம். ஐஸ் குச்சி போன்ற மெல்லிய மரக்குச்சிகளை அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகும் பயிற்சியை எங்கள் பிரிவில் கற்றுக்கொள்ளலாம். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள் தைராய்டு சுரப்புக்கான இரத்தப் பரிசோதனையையும் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். அச்சுரப்பு குறைந்தால் உடற்சோர்வும் தசை வலியும் வரும். அவற்றையும் இறுக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்ததும் தலையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பி நெட்டி முறிப்பது பலருக்கும் பிடித்த சுகம். கதிர்வீச்சு பெற்ற கழுத்தில் அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. கழுத்தின் இரத்தக் குழாய்கள் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். வெடுக்கென்ற திருப்பம் அவற்றுக்குக் கேடு செய்யும். சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் தடவி அழுத்தி நீவிக்கொள்வதும் அவ்வாறே தவிர்க்க வேண்டியது. தழும்பை மென்மையாக நீவிவிடும் முறை ஒன்று உண்டு. அதைக் காயம் நன்றாக ஆறிய பின், சிகிச்சையாளர் காட்டித் தந்தபடி செய்ய வேண்டும். வெந்நீர் ஒத்தடத்திலும் கவனம் தேவை. அறுவை நடந்த இடத்தில் தோல் மரத்திருக்கும். சூடு தெரியாமல் கொப்புளம் எழுந்த பின்னரே தெரியவரும். கதிர்வீச்சு பெற்ற தோலில் புண் எளிதில் ஆறாது.

"வலிக்கிற இடத்தை அசைக்கலாமா?" என்று வீட்டார் கேட்கிறார்கள். அக்கேள்வியில் இருப்பது அன்பு. அந்த அன்பினால்தான் செம்பைத் தூக்க விடுவதில்லை, துணி உலர்த்த விடுவதில்லை, கூப்பிடும் பக்கம் திரும்ப விடாமல் தாங்களே எதிரே வந்து நிற்கிறார்கள். ஆறாத புண்ணுக்கு ஓய்வு மருந்து. ஆறிய கழுத்துக்கு ஓய்வே பகை. அசையாத கழுத்து மேலும் இறுகும். இறுகிய கழுத்து மேலும் வலிக்கும். வலித்தால் மேலும் அசைக்க மாட்டோம். இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர் நோயாளி மட்டும் அல்லர். காலையில் காப்பி வைக்கும்போது, "பயிற்சி செய்துவிட்டீர்களா?" என்று கேட்கும் மனைவியோ, எதிரே அமர்ந்து தானும் கழுத்தைத் திருப்பிக் காட்டும் பேரனோ இருந்தால், அந்தச் சில நிமிடங்கள் சுமையாகத் தோன்றா. மாத்திரை வேளையை மறக்காமல் நினைவூட்டும் வீடுகள், பயிற்சி வேளையையும் அதே கண்டிப்போடு நினைவூட்ட வேண்டும்.

"மருத்துவமனை நூறு கல் தொலைவில் இருக்கிறது, பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை இழந்து வர முடியுமா?" என்பது இன்னும் கடினமான கேள்வி. முடியாது, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அதனால்தான் சில பொறுப்புகள் மருத்துவமனையின் பக்கமும் இருக்கின்றன என்று கருதுகிறேன். சிகிச்சை தொடங்கும் முன்பே கழுத்தும் தோளும் வாயும் எவ்வளவு அசைகின்றன என்பதை அளந்து குறிக்க வேண்டும். தொடக்க அளவு தெரியாவிட்டால் இழப்பின் அளவும் தெரியாது. கதிர்வீச்சுக்காக ஆறேழு வாரங்கள் ஒருவர் வந்துபோகும் காலமே அவருக்குப் பயிற்சியைக் கற்பிக்கச் சிறந்த காலம். அதற்கெனத் தனிப் பயணம் தேவையில்லை. வீடு திரும்பும் நாளில் தரும் தாளில், மாத்திரைகளின் பெயருக்குக் கீழே, பயிற்சியும் அதன் வேளையும் மருந்துபோலவே எழுதப்பட வேண்டும். மறுபரிசோதனைக்கு வரும் நாளிலேயே, அதே சீட்டில், சில நிமிடங்கள் எங்கள் பிரிவையும் பார்த்துச் செல்ல வழி செய்ய வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும்.

இதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு. தாளில் பயிற்சி எழுதப்படவில்லை என்றால், "என் கழுத்துக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "இடப்பக்கம் திரும்பவில்லை", "கை தலைக்கு மேல் எழவில்லை", "காலையில் முகவாய்க்குக் கீழே வீக்கம் இருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அந்த வீக்கம் நிணநீர் தேங்குவதாக இருக்கலாம்; அதற்கும் தனி முறை உண்டு. பயிற்சிக்கு இணங்காத பிடிப்புக்கு ஊசி, மருந்து ஆகிய வழிகளும் உண்டு; யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

சில அறிகுறிகளுக்கு மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. கழுத்தில் புதிய கட்டி, நாள்தோறும் கூடிக்கொண்டே போகும் வலி, ஆறாத புண், வாய்க்குள் எலும்பு தெரிவது, கை மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, விழுங்குவது திடீரெனக் கடினமாவது ஆகியவை தோன்றினால் உடனே வாருங்கள். இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவை கண்டால் அருகிலுள்ள மருத்துவமனைக்கே முதலில் செல்லுங்கள். கழுத்தைக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு, கதிர்வீச்சுக்குச் சில மாதங்களுக்குப் பின் சிலருக்கு வருவதுண்டு. பெரும்பாலும் அது தானே மறையும்; ஆயினும் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

நார் படிவது விடுமுறை அறியாத வேலை. அதை எதிர்க்கும் பயிற்சியும் அவ்வாறே இருக்க வேண்டும். ஒரு வாரம் ஊக்கத்தோடு செய்துவிட்டு ஒரு மாதம் விடுவதைவிட, குறைவாகவேனும் நாள்தோறும் செய்வது மேல். இன்று கண்ணாடி முன் அமர்ந்து, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, இடையில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். வலத்தோளுக்கும் இடத்தோளுக்கும் திரும்பி அதேபோல் பாருங்கள். அந்த எண்களை இன்றைய தேதியோடு சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நான்கு வாரம் கழித்து மீண்டும் அளந்து அதன் கீழே எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வையுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.